பிரிக்காத பொட்டலம்

வெள்ளாடு எதைப் போட்டாலும் தின்னும் என்பார்கள். வளர்த்துப் பார்க்காதவர்கள் சொல்கிற பேச்சு அது. எங்கள் கல்லூரி விடுதிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆறு ஆடுகள் வைத்திருந்தேன். முதல் நாள் வெட்டிய அகத்தியைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தொட்டித் தண்ணீரில் ஒரு சருகு மிதந்தால் குடிக்காது. மாணவர்கள் அவற்றுக்கு விடுதிக் காப்பாளர்களின் பெயர்களை வைத்துக் கூப்பிட்டார்கள். நான் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். ரத்தம் எடுக்கும் நாளில் ஆட்டை அதட்டக் கூடாது. தாடையைச் சொறிந்துகொடுத்து, அது கண்ணை மூடும் வரை காத்திருந்து, அப்புறம்தான் ஊசியைக் கழுத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என் ஆடுகளில் ஒன்றுகூட ஊசிக்குப் பயந்து ஓடியதில்லை. நான் பொறுமைசாலி என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவசரத்தில் நடந்துவிட்ட தவறு என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

என் பெயர் சவரிநாதன். திருச்சியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியர். கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் தர்ம மருத்துவமனையில் என் புற்றுநோய் ஆராய்ச்சியை நடத்தி வந்தேன். அந்த மருத்துவமனையின் அறங்காவலர்கள், ஓய்வுபெற்ற நீதிபதியான உங்களை விசாரணைக்கு நியமித்திருக்கிறார்கள். நடந்ததை என் வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். நர்ஸ் அக்னஸ் கொடுத்த புகாரையும் படிக்கக் கொடுத்தீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. தெரியாத காரணத்தால் சில இடங்களில் குறைத்தே எழுதியிருக்கிறார். அந்த இடங்களை நான் நிரப்புகிறேன்.

முதலில் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்கு அப்போது எங்களுக்குக் கிடைத்த ஊசிகள் ஆள் பார்த்து அடிப்பவை அல்ல. கட்டியும் சாகும், முடியும் கொட்டும், வாயும் குடலும் புண்ணாகும். கட்டியை மட்டும் தேடிப் போகிற மருந்து வேண்டும் என்று எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டில் சிலர் முனைந்திருந்தார்கள். அவர்களுடைய கட்டுரைகள் கப்பலேறி எங்கள் நூலகத்துக்கு வருவதற்குள் பழசாகிவிடும். ஆனால் யோசனை எளிமையானது, அது பழசாகவில்லை. புற்றுக்கட்டியை அரைத்து எடுத்த சாற்றை ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால், அந்தக் கட்டியைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஆட்டின் ரத்தத்தில் உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்து, அதோடு ஒரு நஞ்சை இணைத்துவிட வேண்டும். எதிர்ப்பொருள்தான் முகவரி, நஞ்சுதான் தபால். தபால் சரியான வீட்டில் மட்டும் விழ வேண்டும்.

நஞ்சுக்கு நான் குன்றிமணியை எடுத்துக்கொண்டேன். தட்டார்கள் ஒரு காலத்தில் பொன் நிறுத்த அதே சிவப்பு விதைதான். கொள்ளிடக் கரை வேலிகளில் வேண்டிய மட்டும் கிடைத்தது. விதையிலிருந்து நஞ்சைப் பிரித்து எதிர்ப்பொருளோடு சேர்க்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. சுண்டெலிகளுக்குப் போட்டபோது கட்டி கரைந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஆய்வகத்தில் இருந்த எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். சில எலிகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல் கெட்டுப்போய் மஞ்சளாக இருந்தது. தபால் பக்கத்து வீட்டிலும் விழுகிறது என்று அர்த்தம். அதையும் பார்த்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் பெண்கள் வார்டு டாக்டர் லூர்துராணியின் பொறுப்பில் இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நிறைய வரும், பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வருவார்கள். 1981-இல் அவரிடம் போய் என் மருந்தைச் சொன்னேன். அவர் கெட்டிக்காரர், பேச்சை வளர்க்க மாட்டார்.

“ஆபரேஷனுக்கும் ரேடியம் வைத்தியத்துக்கும் எட்டாதவங்களுக்கு மட்டும் போடுங்க சார். வேற வழி இருக்கறவங்களை நீங்க தொடக் கூடாது” என்றார்.

சரி என்றேன். அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தவள் வீராயி. கொள்ளிடத்துக்கு அக்கரையில் களையெடுக்கிற பெண். நோய் இடுப்பு எலும்பு வரை போயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, முகவரி, தபால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து புதிது, பலிக்காமலும் போகலாம் என்றும் சொன்னேன். அவள் முழுவதையும் மரியாதையாகக் கேட்டாள்.

“நீங்க சொல்றது எனக்கு வெளங்கலீங்க. ஆத்தாகிட்ட பூக்கட்டிக் கேட்டுடறேன். அவ போட்டுக்கன்னா போட்டுக்கறேன்” என்றாள்.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி நாரால் கட்டி, சாமி முன்னால் வைப்பார்கள். கேட்கிறவர் மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எந்தப் பூ வருகிறதோ அதுதான் பதில். வீராயிக்குச் சிவப்பு என்றால் ஊசி, வெள்ளை என்றால் வேண்டாம். பொட்டலத்தைக் கேட்கிறவர் கட்டக் கூடாது, வேறொருவர் கட்ட வேண்டும். வீராயியோடு கூட வந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நானே கட்டுகிறேன் என்றேன். அலமாரி மேல் சமயபுரத்தாள் படத்தை வைத்து, அதன் முன்னால் வைத்தேன். சிவப்பு வந்தது. உடனே கையை நீட்டினாள்.

அவளிடம் நான் கவனித்தது இதுதான். பூ வந்த பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டபோதும், வாந்தி எடுத்துக்கொண்டே, “ஆத்தா சொல்லிட்டாளே” என்றாள். கையெழுத்து வாங்கியிருந்தால் மறுநாளே மனம் மாறியிருப்பாள். பூ கொடுத்த சம்மதம் அசையாது. சில வாரங்களில் செத்துப்போனாள், எப்படியும் செத்திருப்பாள். அவள் அண்ணன் எனக்கு ஒரு பூவன் தார் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெரிய மனசு என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதன் பிறகு நானாகவே பூவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். “சாமிகிட்ட கேட்டுட்டு சொல்றீங்களா?” என்பேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் தெளிந்துவிடும். கிறிஸ்தவர்கள் என்றால் மாதா படத்துக்கு முன்னால். எங்கள் பங்கில் பூக்கட்டுவதைக் குருவானவர் கண்டித்துப் பேசுவார். நோய் வந்த வீட்டில் அந்தக் கண்டிப்பெல்லாம் எடுபடாது.

ஒருமுறை வெள்ளை வந்தது. மண்ணச்சநல்லூர்ப் பெண் ஒருத்தி. வெள்ளை வந்தால் ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போய்விடுவது என்று நினைத்திருந்தாள். அன்று மாலையே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கென்று தயாரித்த மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. அதை வாரக் கணக்கில் வைத்திருக்க முடியாது, கெட்டுவிடும். இரண்டு ஆட்டின் ரத்தம், ஒரு மாத வேலை. கழுவு தொட்டியில் ஊற்றினேன். அதை ஊற்றும்போது எனக்கு அழுகை வந்தது. வீராயிக்கு வரவில்லை, இதற்கு வந்தது. அதை அப்போதே கவனித்து, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் கட்டிய பொட்டலங்களில் வெள்ளைப் பூ இல்லை. இரண்டிலும் சிவப்பையே வைத்தேன். அக்னஸ் ஒருமுறை நடந்ததாக எழுதியிருக்கிறார். அது வழக்கமாகவே இருந்தது.

இது எப்படி வெளியே தெரியாமல் இருந்தது என்று கேட்டீர்கள். எடுக்காத பொட்டலத்தை எங்கள் பக்கம் யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் சாமி சொன்னதைச் சரிபார்த்தது போல ஆகிவிடும். அதை அப்படியே காவிரியில் போட்டுவிட வேண்டும். நீங்கள்கூட உங்கள் வீட்டில் எத்தனை தடவை பூக்கட்டியிருப்பீர்கள், மற்றதை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்திருப்பீர்களா? என் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் இருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். வார்டில் யாரும் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. அவர்கள் ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடத்தில் ஏமாற்ற ஒருவன் வருவான் என்று யாருக்கும் தோன்றாது, அவ்வளவுதான்.

முற்றிய நோயாளிகளை வைத்துக்கொண்டு நான் எங்கும் போய்ச் சேரவில்லை. கட்டி கொஞ்சம் கரையும், அதற்குள் ஆள் போய்விடும். என் கட்டுரையை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. சாகக் கிடப்பவர்களிடம் எந்த மருந்தையும் நிரூபிக்க முடியாது, ஆரம்ப நிலைக் கட்டியில் காட்டினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எனவே எனக்கு ஒரு சின்னக் கட்டி தேவைப்பட்டது. 1984 கார்த்திகையில் ராசாத்தி வந்தாள்.

திருவானைக்காவலுக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டத்தில் இலை அறுக்கிற பெண். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். புருஷன் சின்னையன் வாழைக்காய் மண்டியில் சுமை தூக்குபவன். இரண்டு பெண் பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு அழைத்து வந்தபோது, சும்மா இருப்பானேன் என்று தனக்கும் சீட்டுப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் அகப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் கட்டி.

“நல்ல நேரத்துல வந்திருக்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நீ பேரன் பேத்தி எடுப்ப” என்று லூர்துராணி அவளிடம் சொன்னார். அது உண்மைதான். அந்த நிலையில் எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

சின்னையன் பயந்தான். அவன் தங்கை பிரசவத்தில் ஆபரேஷன் மேசையிலேயே போனவள். “கத்தி வேணாங்கம்மா, வேற எதுனா இருக்கா பாருங்க” என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் பக்கத்தில் இருந்தேன். “ஊசியும் ஒண்ணு இருக்கு” என்றேன். ஊசி இருந்தது, அதனால் அது பொய் இல்லை.

லூர்துராணி என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“சார், இவ உங்க கேஸ் இல்ல. நாம பேசினது என்ன?”

“நான் ஒண்ணும் வற்புறுத்தல டாக்டர். அவங்களே முடிவு பண்ணட்டும்.”

உள்ளே போனபோது ராசாத்தி முடிவு பண்ணியிருந்தாள். வார்டில் மற்ற பெண்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். “பூக்கட்டிப் பாத்துடலாங்கம்மா. வெள்ளப் பூ வந்தா ஆபரேசன். செவப்பு வந்தா ஊசி” என்றாள். ஆபரேஷனைத்தான் முதலில் சொன்னாள். புருஷனைப் பார்த்துச் சொல்லவில்லை, டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு எது வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. லூர்துராணிக்கும் புரிந்திருக்கும். “பூவுல பாக்கற விஷயமா இது?” என்று அவர் திட்டிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே பிடிவாதமாக இருந்தாள். வெள்ளை வந்தால் வியாழக்கிழமை காலை மேசை தயார் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மருத்துவமனை வளாகத்தில் அரளி உண்டு, இரண்டு நிறத்திலும். சிவப்பில் இரண்டும் வெள்ளையில் ஒன்றும் பறித்தேன். வெள்ளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வாழையிலைத் துண்டு ராசாத்தி வீட்டிலிருந்து சோறு கட்டி வந்த இலையில் கிழித்தது. பக்கத்து அறையில் போய் இரண்டு சிவப்புப் பூவையும் மடித்து, ஒரே அளவாக, ஒரே முடிச்சாகக் கட்டினேன். அந்தச் சமயத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. குடுவைக்கு மூடி போடுகிற மாதிரிதான் இருந்தது.

படத்தின் முன்னால் வைத்தேன். அவள் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். கை இடது பக்கத்துப் பொட்டலத்துக்குப் போய், நின்று, திரும்பி வலது பக்கத்ததை எடுத்தது. அப்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தவன் பக்கத்தில் நிற்க, ஒருத்தி அவ்வளவு யோசித்து எடுக்கிறாள். பிரித்தாள். சிவப்பு. சின்னையன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளதான் வரும்னு நெனச்சேன். பரவால்ல, போடுங்க” என்றாள்.

மற்ற பொட்டலத்தை நான் காவிரியில் போடுகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குள் கல்லூரியிலிருந்து ஆள் வந்து, ஒரு ஆடு வயிறு உப்பிக் கிடப்பதாகச் சொன்னான். பொட்டலத்தை வார்டு ஜன்னல் கட்டையில், கதவு அடிக்காமல் இருக்க வைத்திருந்த படிக்கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓடினேன். அப்படியே மறந்தும்போனேன். பொறுமைசாலி என்று எழுதினேன். மறதி இல்லாதவன் என்று எழுதவில்லை.

ஊசி போட்டோம். காய்ச்சல் வந்தது, போனது. இரண்டு வாரம் கழித்து லூர்துராணியே பரிசோதித்தார். வெளியே வந்து கையுறையைக் கழற்றாமலே நின்றார். “சார், பாதியாயிருக்கு” என்றார். அன்று சாயங்காலம் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி அம்மா மண்டபத்தில் இறங்கி, படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எள்ளும் பிண்டமும் காலைத் தொட்டுக்கொண்டு போயின. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

மறுநாள் அக்னஸ் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். ஜன்னல் கட்டையைத் துடைக்கும்போது அகப்பட்டிருக்கிறது. இலை காய்ந்து சுருண்டு, நார் தளர்ந்து, தானாகவே வாய் திறந்திருந்தது. உள்ளே கறுத்துப்போன சிவப்பு.

“சார், இதுலயும் செவப்பு இருக்கே?”

எனக்குப் பயம் வந்தது. ஆனால் வாய் தானாகப் பேசியது. “அவசரத்துல மாத்திக் கட்டிட்டேன் போலிருக்கு சிஸ்டர். இப்ப சொன்னா அவ மனசு ஒடஞ்சிடும். கட்டிதான் கரையுதே, பாக்கறீங்கல்ல?”

அவர் ராசாத்தியின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவள் பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். அக்னஸ் பொட்டலத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கட்டி கரைந்ததால்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றே ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்காதீர்கள். தூங்காமல் தன்னையே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரத்திலேயே ராசாத்தியின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. லூர்துராணி உடனே என்னிடம் வந்தார்.

“போதும் சார். கட்டி சின்னதாயிருக்கு, உங்களுக்கு வேண்டியது கெடச்சுடுச்சு. நான் ஆபரேஷன் பண்ணி எடுத்துடறேன். ஈரல் தாங்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இது புகாரில் இல்லை. ரத்தப் பரிசோதனை என் ஆய்வகத்தில்தான் நடக்கும். நானே செய்தேன். ஈரல் அடிபட்டிருந்தது, ஆனால் திரும்பி வர முடியாத அளவுக்கு இல்லை. ஊசியை நிறுத்திக் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தேறி, ஆபரேஷனைத் தாங்கியிருப்பாள். அப்படிச் செய்தால் கட்டி மருந்தால் போனதா, கத்தியால் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடியும் ஒரு சின்னக் கட்டி எனக்கு எப்போது கிடைக்கும் என்பதும் தெரியாது. நான் டாக்டரிடம் போய், மருந்தால் ஈரல் கெடவில்லை, கண் மஞ்சள் சாதாரணக் காமாலை, ஊரெல்லாம் இருக்கிறது, இன்னொரு ஊசி போட்டுவிட்டால் ஆபரேஷனே தேவைப்படாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. சரி என்றார்.

இரண்டாவது ஊசியை நானே போட்டேன். வழக்கமாக அக்னஸ்தான் போடுவார், அன்று அவர் வேறு வேலை இருக்கிறது என்று விலகிக்கொண்டார். ராசாத்தி கையை நீட்டிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். “இதோட முடிஞ்சுதுங்களா? பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிடலாமா?” என்று கேட்டாள். போகலாம் என்றேன்.

பொங்கலுக்கு முன்பே நினைவு தப்பி, அப்படியே போய்விட்டாள். சின்னையனிடம் பேசி, உடம்பை அறுத்துப் பார்க்க அனுமதி வாங்கினேன். கட்டி இருந்த இடத்தில் கடுகளவு தழும்புதான் இருந்தது. என் மருந்து சொன்ன வேலையைச் செய்திருந்தது. அந்தப் படம் கட்டுரையில் வந்திருக்கிறது, இந்தத் தடவை பத்திரிகை திருப்பி அனுப்பவில்லை. இறப்புக்குக் காரணம் தொடர்பில்லாத மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தேன்.

கொள்ளிடக் கரையில் எரித்தார்கள். நானும் போயிருந்தேன். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். வெயில்தான் சுட்டது. சில நாள் கழித்துச் சின்னையன் மருத்துவமனைக்கு வந்து வராந்தாவில் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். “நீங்க என்னங்க செய்வீங்க. ஆத்தாவே செவப்ப எடுத்துக் குடுத்துட்டா. அவ எடுத்துக்கணும்னு நெனச்சுட்டா” என்றான். பின்னால் அக்னஸ் மருந்துத் தட்டோடு நின்றிருந்தார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். மறுநாள் அறங்காவலர்களிடம் போய்விட்டார். சின்னையனிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் முடிவு. இப்போது அவனுக்குச் சாமி மேல்தான் வருத்தம். சொல்லிவிட்டால் சாமியாவது தப்பிக்கும்.

லூர்துராணிக்கு இதில் பங்கு இல்லை. அவரை நான் ஏமாற்றினேன். எந்தெந்தப் பெண்ணுக்குப் பொட்டலம் கட்டினேன் என்பதைத் தனியாக உங்களிடம் நேரில் சொல்கிறேன். ராசாத்தியைக் கொன்றது நான்தான். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சாகக் கூடும் என்று தெரிந்தும் போட்டேன். சட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். இந்த மருந்து மனிதருக்குப் பலன் தரும் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினீர்களா என்று. நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஏழு வருடத்தை அதற்குக் கொடுத்திருக்கிறேன், நம்பாமல் யாராவது கொடுப்பார்களா?

அறங்காவலர்களில் ஒருவர் என் வீட்டு விஷயம் ஒன்றை உங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். விசாரணைக்குச் சம்பந்தம் இல்லை என்று அதை இதுவரை எழுதவில்லை. என் மனைவி ரோசம்மாளுக்கும் அதே நோய் வந்தது. 1983, தவக்காலம். ராசாத்தி வருவதற்கு முந்தைய வருடம். கட்டியும் அதே அளவுதான். கட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அன்று ராத்திரி ரயிலிலேயே அவளை மதராஸுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ரேடியம் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுகிறாள். கிளம்புவதற்கு முன்னால், மாதாவிடம் பூக்கட்டிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அழுதாள். பைத்தியக்காரத்தனம் பண்ணாதே, பெட்டியை எடு என்றேன்.

அப்போது என் குளிர்பெட்டியில் மருந்து தயாராக இருந்தது. அதை வைத்து, நான் என் மருந்தை நம்பவில்லை என்று நீங்கள் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ரோசம்மாள் விஷயத்தில் பரிசோதனை செய்துகொண்டிருக்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.